தண்டர் வீல்ஸ் பணிமூப்புப் பட்டியல்

வேம்புலியை டிரம்ஸிலிருந்து பேஸ் கிடாருக்குப் பதவி உயர்த்தும் ஆணை 1983-ஆம் வருடம் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் வந்தது. அவர் அப்போது ஃபோர்ஜ் ஷாப்பில், அதாவது பழுக்கக் காய்ச்சிய இரும்பை இயந்திரச் சுத்தியல் அடித்துப் பல்சக்கரமாக்கும் கூடத்தில், இடுக்கியும் கையுமாக நின்றிருந்தார். ஆணையைக் கொண்டுவந்த பியூன் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான். வேம்புலி அதுவரை பேஸ் கிடாரைத் தொட்டதில்லை. அதைப் பற்றி ஆணையில் யாரும் கேட்டிருக்கவில்லை.

தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். ஆவடிக்கு அந்தப் புறம், நாட்டின் பாதுகாப்புக்காக நடப்பது. பெயரைச் சொன்னால் நமக்கும் ஒரு மெமோ வந்து சேரும். அங்கே பல்சக்கரம் செய்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். நம் கதை, அந்தத் தொழிற்சாலைக்குச் சொந்தமான தண்டர் வீல்ஸ் என்ற ராக் இசைக்குழுவைப் பற்றியது. கோப்பில் அதன் பெயர் ‘பணியாளர் நல மேற்கத்திய இசை அலகு’.

1979-இல் குழு தொடங்கியபோது அதற்குக் கோப்பு கிடையாது. டூல் ரூமில் வேலை பார்த்த எட்வின் என்ற ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கொல்லையில் நாலு பேர் கூடினார்கள். எட்வின் பேஸ் கிடார். டிராயிங் ஆபீஸ் ராஜசேகரன் பாட்டு. மின்சாரப் பராமரிப்பில் இருந்த கஜபதி லீட் கிடார். ஆம்பிளிஃபயரையும் அவரே பழைய ரேடியோப் பெட்டிக்குள் கட்டியிருந்தார். முத்தாபுதுப்பேட்டைக்காரரான வேம்புலி டிரம்ஸ். எட்டு வருடம் இயந்திரச் சுத்தியலுக்குப் பக்கத்தில் நின்றவருக்குத் தாளத்தை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பூந்தமல்லி கல்யாண வரவேற்பு, குவார்ட்டர்ஸ் கிறிஸ்துமஸ் என்று வாசித்தார்கள். மாங்காட்டில் வேம்புலியின் மைத்துனர் கல்யாணத்தில் முதல் பாட்டுக்கு எழுந்து போன பெரியவர்கள் மூன்றாவது பாட்டுக்குத் திரும்பி வந்து நாற்காலி தேடினார்கள். ஆவடி லோக்கல் ரயிலைப் பற்றி எட்வின் சொந்தமாக ஒரு பாட்டே கட்டியிருந்தார். மொத்தத்தில் நன்றாக வாசித்தார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

1982-இல் பொது மேலாளர் அவர்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டார். கேட்டவர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் குழுவைத் தொழிற்சாலையோடு சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். கிடார்கள், ஆம்பிளிஃபயர், வேம்புலி ஊரெல்லாம் அலைந்து சேர்த்த டிரம்ஸ் செட் எல்லாம் தொழிற்சாலையின் உடைமையாகி, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதப்பட்டது. உடைமை என்று ஆனபின் அதைக் கையாளப் பதவி வேண்டும். பதவி என்றால் மேல் கீழ் வேண்டும். யார் மேல், யார் கீழ் என்று தீர்மானிக்க மூவர் குழு உட்கார்ந்து, இசைக்குழு வாசித்த முதல் ஆண்டு விழாவில் எடுத்த புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டது. பொது மேலாளருக்குப் பக்கத்தில் நின்ற ராஜசேகரன் முதல் நிலை. அடுத்து நின்ற கஜபதி இரண்டாம் நிலை. அதற்கடுத்து எட்வின். பின்னால் உட்கார்ந்திருந்த வேம்புலி கடைசி. உயர் அதிகாரி நிற்கும்போது உட்கார்ந்திருந்ததற்காக அவருடைய பெயருக்கு எதிரே ஒரு குறிப்பும் எழுதினார்கள். இப்படியாக, டிரம்ஸில் நுழைந்து, பேஸ் கிடாருக்கு உயர்ந்து, லீட் கிடாராகி, பாடகராகி, கடைசியில் மேற்பார்வையாளராக ஓய்வு பெறலாம் என்று ஒரு ஏணி சாத்தப்பட்டது.

மறு வருடம் எட்வின் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். பேஸ் கிடார் காலி. பட்டியலில் அடுத்த பெயர் வேம்புலி. அவர் ஆணையை எடுத்துக்கொண்டு நல அதிகாரி நாகேந்திரனின் அறைக்குப் போனார்.

நாகேந்திரன் கெட்டவர் அல்ல. யாரிடமும் குரலை உயர்த்தாதவர், வந்தவரை உட்காரச் சொல்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விதிப்புத்தகத்துக்குப் பழைய நாட்காட்டித் தாளில் அழகாக அட்டை போட்டு வைத்திருந்தார்.

“எனக்கு டிரம்ஸ்தான் சார் தெரியும்” என்றார் வேம்புலி. “அந்த கிடார எப்டி புடிக்கிறதுன்னுகூட தெரியாது.”

“தெரியும், தெரியாது என்பதெல்லாம் உங்கள் சொந்த விஷயம், வேம்புலி. பதவி என்பது நிர்வாகத்தின் விஷயம். இரண்டையும் குழப்பக் கூடாது. நான் நல அதிகாரி. பணியாளர் நலம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியுமா? இன்றுவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. பதினாறு வருடமாக ஒரு குறையும் வரவில்லை.”

“வோணாம்னு எய்தி குட்த்தா இன்னா ஆவும் சார்?”

“தாராளமாகக் கொடுக்கலாம். மறுப்பவரின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். அதன் பிறகு அலகின் எந்தக் கருவியையும் அவர் தொடக் கூடாது. டிரம்ஸ் உட்பட.”

வேம்புலி மனசுக்குள் கணக்குப் போட்டார். வேறொரு டிரம்ஸ் செட் வாங்குவதெல்லாம் அவருடைய கைக்கு எட்டாத காரியம். ஏணியில் நின்றால் டிரம்ஸ் இருக்கும் மேடையிலாவது இருக்கலாம். இறங்கினால் அதுவும் இல்லை. எழுதிக் கொடுக்காமல் திரும்பி வந்தார்.

குவார்ட்டர்ஸில் அவர் மனைவி வசந்தகுமாரி அதற்குள் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். கேசரி தட்டில் இருந்தது.

“இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?” என்றாள். “டிரம்ஸுன்னா பின்னாடி உக்காந்துகினு கீறது. மொகமே தெரியாது. இது முன்னாடி நின்னுகினு வாசிக்கிறது. எங்க அம்மா வந்தா உன்ன பாக்கும்.”

“எனக்கு அதான் அடிக்கணும்போல கீது வசந்தா. வேற ஒண்ணும் வோணாம்.”

“போகப் போக சரியாப் பூடும். கேசரிய துன்னு.”

டிரம்ஸுக்கு ஸ்டோர்ஸிலிருந்து அப்பாவு வந்தார். பதினெட்டு வருடம் ஸ்டோர்ஸில் இருந்து, ஒரு திருகாணி கேட்டு வந்தவனையும் பழைய திருகாணியைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பியவர். எதையும் சுலபத்தில் வெளியே விடாத கை. டிரம்ஸையும் அவர் அப்படித்தான் பார்த்தார். அடித்தால் தோல் தேயும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். மாற்றினால் ஏன் தேய்ந்தது என்று கேட்பார்கள். ஒரு பாட்டுக்கு இருபது அடி போதும் என்று முடிவு செய்து, அதையும் மெதுவாக அடித்தார்.

1984 ஆண்டு விழாவில் புதிய வரிசையில் குழு மேடையேறியது. வேம்புலிக்கு பேஸ் கிடாரில் மூன்று இடம் தெரியும். அந்த மூன்றிலேயே மாறி மாறி நின்றார். அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல் போவதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் ஒரு படி தவறியது. திரும்பிப் பார்த்தால், அப்பாவு குச்சியை ஓங்கி வைத்துக்கொண்டு, இது தேவையா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கைதட்டினார்கள். நிகழ்ச்சி நிரலில் ‘கைதட்டல்’ என்று அச்சிட்டிருந்தது. பொது மேலாளர் பேசினார்: “போன வருடம் வாசித்தபோது கூட்டத்தில் சிலர் எழுந்து ஆடினார்கள். நானே காலை ஆட்டிவிட்டேன். ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் இது நல்லதல்ல. இந்த வருடம் ஒருவர்கூட அசையவில்லை. நிர்வாகத்தின் கீழ் வந்தால் இசையும் ஒழுங்குக்கு வரும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.”

வேம்புலி நாலு வருடத்தில் பேஸ் கிடாரைக் கற்றுக்கொண்டார். பிடிக்காததையும் அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது. எட்வின் வாசித்த அளவுக்கு இல்லை என்றாலும் கேட்டால் காதை மூடத் தோன்றாது. அந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்ததும் அடுத்த ஆணை வந்தது. ராஜசேகரன் மேற்பார்வையாளர் ஆகிறார். கஜபதி பாடகர். வேம்புலி லீட் கிடார். அப்பாவு பேஸ் கிடார். டிரம்ஸுக்கு, வருகை நேரம் குறிக்கும் டைம் ஆபீஸிலிருந்து நந்தகோபால் என்ற இளைஞர். எல்லாம் ஆண்டு விழா நாளன்று பிற்பகல் முதல் அமலுக்கு வருகிறது.

ஆண்டு விழாவுக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய வாசிப்பு பதினொன்றே முக்காலுக்குத்தான் தொடங்கியது. இரண்டு பாட்டு முடிந்து, ஆவடி லோக்கல் பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாட்டில் ரயில் அன்னனூரைத் தாண்டும் இடத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நாகேந்திரன் எழுந்து கையை உயர்த்தினார்.

“பிற்பகல் ஆகிவிட்டது. பொறுப்பு மாற்றிக்கொள்ளுங்கள்.”

ராஜசேகரன் பாதி வரியில் நின்றார். மேஜை ஒன்று மேடைக்கு வந்தது. படிவங்கள் வந்தன, ஆளுக்கு மூன்று பிரதி. கஜபதி கிடாரின் ஆறு கம்பிகளையும் வேம்புலியிடம் எண்ணிக் காட்டினார். வேம்புலி பேஸ் கிடாரின் நாலு கம்பிகளை அப்பாவுவிடம் எண்ணிக் காட்டினார். அப்பாவு நம்பாமல் தானே ஒருமுறை எண்ணினார். பிறகு நந்தகோபாலைக் கூப்பிட்டு, நாலு வருடத்தில் டிரம்ஸ் தோலில் ஒரு கீறல் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார். மைக்கை ஒப்படைக்கும் முன் ராஜசேகரன் அதைத் துடைத்தார். ஆயிரத்து இருநூறு தொழிலாளர்களும் குடும்பங்களும் பந்தலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு நிமிடம் ஆனது. பிறகு ஆளுக்கு ஒரு இடம் நகர்ந்து நின்று, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். வரியின் முன்பாதியை ராஜசேகரன் பாடியிருந்தார். பின்பாதியைக் கஜபதி, வருகைப் பதிவு வாசிப்பது மாதிரி வாசித்தார். மேடை ஓரத்தில் மேற்பார்வையாளருக்குக் கைவைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். ராஜசேகரன் கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டு அதில் உட்கார்ந்தார்.

பொது மேலாளர் பேசும்போது நெகிழ்ந்துபோயிருந்தார். “இருபத்திரண்டு நிமிடத்தில் ஐந்து பதவிகள் கைமாறியிருக்கின்றன. ஒரு கம்பி தொலையவில்லை. நான் டெல்லியில், பம்பாயில் எத்தனையோ கச்சேரிகள் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றை எங்கும் கண்டதில்லை.”

இறங்கி வரும்போது கஜபதி வேம்புலியின் தோளைப் பிடித்தார். “மாமே, இப்போ எவனுக்கும் அவன் கைல கீறது தெரியாது. ஒண்ணு கத்துகினா போதும், தூக்கி அடுத்ததுல போட்றானுங்க.”

“ராஜசேகரன் பாடலாம் இல்ல?”

“நானும் கேட்டேன் மச்சான். மேற்பார்வையாளரே பாடினா அவர யார் மேற்பார்வ பண்றதுன்னு கேக்குறாரு நாகேந்திரன்.”

பிறகு ஆறு வருடம் எந்த மாற்றமும் இல்லை. வேம்புலி லீட் கிடாரைப் பழகினார். விரல் நுனிகள் காய்த்தன. முதுகுக்குப் பின்னால் நந்தகோபால் அடித்தார். டைம் ஆபீஸ்காரர் என்பதால் ஒரே சீராக, கடிகாரம் போல, எந்தப் பாட்டுக்கும் ஒரே அடி. நாளாக ஆக வேம்புலிக்கு அது முன்போல வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதை அவரே கவனித்து ஒருநாள் ஆச்சரியப்பட்டார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். “ஊட்ல எலி வந்துட்ச்சோன்னு பாத்தேன்” என்பாள் வசந்தகுமாரி.

1993-ஆம் வருடம் கார்த்திகை மாதத்தில், பணியாளர்களை மகிழ்விப்பது எப்படி என்ற மூன்று நாள் பயிற்சிக்காக நாகேந்திரன் டெல்லிக்குப் போனார். நந்தகோபால் பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். டிரம்ஸ் வாசிப்பவர் விடுப்பில் இருந்தால் டிரம்ஸ் இல்லாமல் ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. கேன்டீனுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் மற்ற நாலு பேரும் கூடினார்கள். காலையிலிருந்து ஃபோர்ஜில் நின்ற வேம்புலிக்குக் கால் கடுத்தது. உட்கார டிரம்ஸ் முக்காலி ஒன்றுதான் இருந்தது. உட்கார்ந்தார்.

கஜபதி அவரைப் பார்த்தார். மேஜை மேல் இருந்த லீட் கிடாரைப் பார்த்தார். அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அட்றா மாமே. ஒரே ஒரு தபா. எவன் கீறான் பாக்க?”

வேம்புலி குச்சிகளை எடுத்தார். பத்து வருடம் ஆகியிருந்தது. முதல் நாலு அடி விழுந்ததும் அப்பாவு தன்னையறியாமல் பேஸ் கிடாரில் சேர்ந்துகொண்டார். எதையும் அளந்து விடுகிற அவருடைய கைக்கு அந்த வாத்தியம் பொருத்தமாகத்தான் அமைந்திருந்தது. ஆறு வருடத்தில் அவரும் கற்றுக்கொண்டிருந்தார். ராஜசேகரன் கைவைத்த நாற்காலியிலிருந்து எழுந்தார். முதல் வரியில் குரல் கரகரத்தது. இரண்டாவது வரியில் தெளிந்துவிட்டது.

ஆவடி லோக்கல் பாட்டை வாசித்தார்கள். முடிந்ததும் இன்னொன்றைத் தொடங்கினார்கள். பிறகு இன்னொன்று. சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் தட்டோடு வந்து கொட்டகை வாசலில் நின்றார்கள். கேன்டீன் பார்வதம் கரண்டியோடு வந்து நின்றாள். சிலர் ஆடினார்கள். வேம்புலியின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. பத்து வருடத்தில் அவர் அத்தனை சந்தோஷமாக இருந்ததே இல்லை. மொத்தம் பதினேழு நிமிடம்.

இந்தப் பதினேழு, பிறகு வேம்புலிக்கு வந்த மெமோவில் இருந்த கணக்கு. ‘கீழ்நிலைப் பதவியை அனுமதியின்றி ஆக்கிரமித்து, அதில் பதினேழு நிமிடம் திறம்படச் செயலாற்றியது’ என்பது குற்றம். விசாரணை அதிகாரியாக வேறொரு ஊர்த் தொழிற்சாலையிலிருந்து ரகுநாதன் என்பவர் வந்தார். நேர்மையானவர் என்று பெயர். தங்கும் விடுதியில் கொடுத்த பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை.

முதல் சாட்சி பார்வதம்.

“நீங்கள் கேட்டது என்ன?”

“பாட்டுதான் சார். நல்லா இருந்துச்சு. எனக்கு அழுவகூட வந்துச்சு. அடுப்புல ரசம் பொங்கிப் போனதுகூட தெரியல.”

ரகுநாதன் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்: ‘மேற்படி இசையால் உணவகப் பணியாளர் ஒருவருக்குக் கண்ணீர் உண்டாக்கப்பட்டது. ரசம் சேதம்.’

பிறகு வேம்புலியைக் கூப்பிட்டார்.

“அன்று வாசிப்பு நன்றாக இருந்ததா?”

“இருந்துச்சு சார்.”

“ஆண்டு விழாக்களில் இப்படி இருந்ததில்லை?”

“இல்ல சார்.”

“அப்படியானால் உங்களுக்கு நன்றாக வாசிக்க முடியும். முடிந்தும், பத்து வருடமாக நிர்வாகத்துக்கு அதைத் தராமல் வைத்திருந்திருக்கிறீர்கள்.”

“எனக்கு டிரம்ஸ் குடுக்கவே இல்லியே சார்.”

“உயர்ந்ததைக் கொடுத்தார்கள். உயர்ந்ததில் சுமாராகவும், தாழ்ந்ததில் நன்றாகவும் செயலாற்றுவது நிர்வாகத்தை அவமதிப்பது. எனக்கு இசை தெரியாது, வேம்புலி. அதனால்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்தவர் வந்திருந்தால் கேட்டு மயங்கியிருப்பார். நீதி என்ன ஆவது?” விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “குற்றம் நிரூபணமானால், மிகக் கீழ்நிலைப் பதவிக்கு நிரந்தரமாக இறக்கப்படுவீர்கள். புரிகிறதா?”

வேம்புலி நிமிர்ந்தார். “மிகக் கீழ்நிலைன்னா டிரம்ஸா சார்?”

“ஆம்.”

“நிரந்தரமாவா?”

“நிரந்தரமாக.”

“நான்தான் சார் பண்ணேன். எல்லாம் நான்தான். இவுங்கள நான்தான் கூப்ட்டேன்.”

பின்னால் பெஞ்சில் இருந்த கஜபதி துள்ளி எழுந்தார். “இல்ல சார், முதல்ல கிடார எடுத்தது நான். எனுக்கும் குற்றத்துல பங்கு கீது. எழுதிக்கோங்க.”

“உட்காருங்கள்” என்றார் ரகுநாதன். “ஒரு கருவிக்கு ஒரு குற்றவாளி போதும்.” கஜபதியும் மற்றவர்களும் எச்சரிக்கப்பட்டு விடப்பட்டார்கள். கஜபதி அன்றைக்கு முழுக்க வேம்புலியோடு பேசவில்லை.

வசந்தகுமாரிக்கு முதலில் அழுகை வந்தது. லைனில் என்ன சொல்வது என்று கேட்டாள். பிறகு புருஷன் சாப்பிடுவதைப் பார்த்தாள். இரண்டாம் தரம் சோறு கேட்டார். காலும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

“அவ்ளோ ஆசையா உனக்கு?” என்றாள். “சரி, போய் அடி. நான் பாத்துக்கிறேன் லைன.”

தண்டனை ஆணை 1994 மார்ச்சில் வந்தது. வேம்புலி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். கொட்டகை வாசலில் நாகேந்திரன் நின்றிருந்தார்.

“ஒரு சின்ன விஷயம், வேம்புலி. டிரம்ஸ் பதவி ஒன்றுதான் இருக்கிறது. அதில் நந்தகோபால் இருக்கிறார்.”

“அவரு பேஸ் கிடாருக்குப் போவாரு இல்ல சார்? அப்பாவு லீடுக்கு.”

“போக வேண்டும். அதற்குப் பதவி உயர்வுக் குழு கூட வேண்டும். குழுவில் மூன்று பேர். மூன்றாவது ஆளை டெல்லி நியமிக்க வேண்டும். எழுதியிருக்கிறோம். அதுவரை நீங்கள் உபரி டிரம்ஸ் வாசிப்பவர். மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவோம். குச்சிகள் தருவோம். கருவியைத் தொடக் கூடாது. அது நந்தகோபாலின் பொறுப்பு.”

டெல்லிக்கு மூன்றாவது ஆள் கிடைக்க மூன்று வருடம் ஆனது. அதுவரை லீட் கிடாருக்கு ஆள் இல்லாததால், கிடாரை ஒரு நாற்காலியில் சாய்த்து, மேடையில் அதன் இடத்தில் வைத்தார்கள். மேற்பார்வையாளர் ஒரு நாற்காலியில், கிடார் ஒரு நாற்காலியில், வேம்புலி ஒரு நாற்காலியில். குச்சிகள் மடியில். முதல் வருடம் அவருடைய கை துடித்தது. நந்தகோபாலின் அடிக்கும் தனக்குள் விழுந்த அடிக்கும் நடுவே இருந்த தூரம் உடம்பெல்லாம் வலித்தது. ஒருமுறை எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். இரண்டாம் வருடம் மேடையில் உட்கார்ந்து பந்தலில் மின்விசிறிகளை எண்ணினார். மூன்றாம் வருடம் எண்ணவும் இல்லை. ஒருநாள் சாப்பாட்டின்போது வசந்தகுமாரி குனிந்து அவருடைய காலைப் பார்த்தாள். அது சும்மா இருந்தது.

1997-இல் பதவி உயர்வுக் குழு கூடியது. மூன்றாவது ஆள் கேள்வி எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானத்தைப் பிடிக்கப் போய்விட்டார். அப்பாவு லீட் கிடார், நந்தகோபால் பேஸ் கிடார், வேம்புலி டிரம்ஸ்.

ஆண்டு விழாவில் வேம்புலி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். பதினான்கு வருடம் முன்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்ட அதே செட். வாசித்தார். ஒரு தவறும் இல்லை. அடி விழ வேண்டிய இடத்திலெல்லாம் விழுந்தது. பந்தலில் இரண்டு பேர் எழுந்து ஆடக்கூட ஆடினார்கள். பாடகர் இடத்திலிருந்து கஜபதி திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வேம்புலியும் பதிலுக்குச் சிரித்தார். உள்ளே ஏதாவது வரும் என்று காத்திருந்தார். நாலு பாட்டு ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. வேறு யாரோ வாசிப்பதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது வசந்தகுமாரி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எப்டி இருந்துச்சு?”

“வாசிச்சேன்.”

“அது தெரியுது. மூணாவது வரிசைலதான் உக்காந்துகினு இருந்தேன். உனக்கு எப்டி இருந்துச்சு?”

வேம்புலி யோசித்துப் பார்த்தார். “தெரியல வசந்தா” என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நடந்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போகிற வழியில் நல அலுவலக அறிவிப்புப் பலகையில் புதிய பணிமூப்புப் பட்டியல் ஒட்டியிருந்தது. வேம்புலி நின்று படித்தார். ராஜசேகரன், கஜபதி, அப்பாவு, நந்தகோபால், கடைசியில் அவர். அப்பாவு என்ற பெயரை இரண்டாம் முறை படிக்கும்போது அவருக்குச் சுருக்கென்றது. அவருக்குப் பின்னால் வந்தவர் அப்பாவு. நந்தகோபால் அதற்கும் பின்னால் வந்த பையன். மூன்று வருடமாக எதற்கும் அசையாதிருந்த நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காது சூடானது. கதவைத் தட்டாமல் உள்ளே போனார்.

“அப்பாவு எனக்கு ஜூனியர் சார்.”

“உட்காருங்கள்” என்றார் நாகேந்திரன். தலை நரைத்திருந்தது, குரல் மாறவில்லை. “தண்டனைக்குப் பிறகு நீங்கள்தான் ஜூனியர்.”

“நிரந்தரமா இறக்கம்னா, மறுபடி ஏறவே முடியாதா? அப்டி எங்க சார் எய்தி கீது?”

நாகேந்திரன் புத்தகத்தைப் புரட்டினார். நிதானமாகப் படித்தார். அவருக்கே வியப்பாக இருந்தது. “நீங்கள் சொல்வது சரி. ஏறக் கூடாது என்று இல்லை. ராஜசேகரன் 2003 டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். எல்லோரும் ஒரு படி நகர்வார்கள். பேஸ் கிடார் உங்களுக்கு வரும்.”

வேம்புலி விரல் விட்டு எண்ணினார். அவர் ஓய்வு பெறுவது 2004 ஏப்ரலில்.

“நாலு மாசம் கீது” என்றார்.

“முழுதாக நாலு மாதம்” என்றார் நாகேந்திரன்.

“பேஸ் கிடாருன்னு போட்டுத்தானே சார் ஓய்வு ஆணை குடுப்பீங்க?”

“கண்டிப்பாக.”

படபடப்பு அடங்கியது. வேம்புலி வணக்கம் சொல்லிவிட்டு, வெளியே வந்து பட்டியலை இன்னொரு முறை படித்தார். மனசு லேசாக இருந்தது. ஃபோர்ஜ் ஷாப்பில் சுத்தியல் அடிக்கத் தொடங்கியிருந்தது. தாமதமாகிவிட்டதே என்று எட்டி நடைபோட்டார்.